மாடி நம்பர்

உப்பிப்போன பேட்டரியைச் சார்ஜில் போடக் கூடாது. கடைக்கு வருகிற எல்லோருக்கும் நான் சொல்வதுதான் இது. முதுகு மூடி சரியாக மூடவில்லை என்றாலோ, மேசைமேல் வைத்தால் போன் ஆடுகிறது என்றாலோ உடனே பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும், மேடம். உங்கள் மேசை இழுப்பறையில் ஒரு பழைய போன் கிடக்கிறதே, அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாக்குமூலத்தை நானே டைப் செய்து தருகிறேன் என்றேன், நீங்களும் சரி என்றீர்கள். அதற்கு நன்றி. உங்கள் ஸ்டேஷனில் டைப் செய்கிறவர் நல்ல மனிதர்தான், ஆனால் இரண்டு விரலால் தட்டுகிறார். ஓரம் ஒன்றும் ஒழுங்காக வருவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எனக்குப் பொறுக்காது.

என்னை எல்லோரும் பைண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே அறைக் கடை. முன்னால் பிரிண்டரும் தாள் வெட்டும் மெஷினும், பின்னால் என் கட்டிலும் அடுப்பும். முன்பெல்லாம் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட்தான் அதிகம் வரும். இப்போது கொஞ்ச காலமாகப் போனில் வந்த மெசேஜைப் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வீட்டுக்காரன் திட்டி அனுப்பியதைக் கொண்டுவருவார்கள். மேனேஜர் பதவி உயர்வு தருவதாகச் சொன்னதைக் கொண்டுவருவார்கள். காதலித்தவன் கழற்றிவிட்டதைக் கொண்டுவருவார்கள். கேஸுக்கு என்றால் திரையைப் படம் எடுத்து அப்படியே அடித்துக் கொடுப்பேன். ஒரு புள்ளியைத் தொட மாட்டேன். வீட்டில் வைத்துப் படிக்க என்றால் மட்டும் புதிதாக டைப் செய்து, புத்தகமாக மடித்து, நடுவில் பின் அடித்துத் தருவேன். இந்த வித்தியாசத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மா கேஸுக்கு என்று கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்கு எதிர்வரிசையில் தையல் கடை. என் மேசையில் உட்கார்ந்தால் அவர் மெஷின் நேராகத் தெரியும். ஒருமுறை என் சட்டைக் காலர் நைந்துபோய்க் கொடுத்தேன். பிரித்துத் திருப்பித் தைத்துக் கொண்டுவந்து, "இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்ணா" என்றார். அந்தச் சட்டையைத்தான் இன்றைக்கும் போட்டிருக்கிறேன். அண்ணா என்று எல்லோரையும்தான் கூப்பிடுவார், பால்காரனைக்கூட. அதில் ஒன்றும் இல்லை. இனிமேல் அவள் என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும். மனசுக்குள் அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். சாயங்காலம் கடை மூடுகிற நேரத்துக்கு வந்து வாசலில் நிற்பார். கையெல்லாம் கிரீஸ் கறை, வாயெல்லாம் பல். என்னைப் பார்த்தால் விட மாட்டார். "என்ன பைண்டர் சார், ஊர் ரகசியமெல்லாம் உங்க மேசையிலதானா? என் ரகசியம் ஏதாவது வந்தா வீட்டம்மாகிட்ட மட்டும் காட்டிடாதீங்க" என்பார். அவள் உள்ளேயிருந்து, "உங்ககிட்ட என்ன ரகசியம் இருக்கு, ஓட்டை வாய்" என்பாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போவார்கள். நானும் சிரிப்பேன். பிறகு கடையைப் பூட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன்.

ஒருநாள் ஒரு கட்டடத்தின் உச்சியில், லிப்டை இழுக்கிற மெஷின் இருக்கும் அறையில், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். மாரடைப்பு. கையில் போன் இருந்ததாம். பிரஷர் மாத்திரை சட்டைப் பையில் அப்படியே இருந்ததாம். அவள் ரொம்ப நாள் கடை திறக்கவில்லை. திறந்த பிறகு முதல் வேலையாக என்னிடம் வந்தாள். கையில் அவருடைய பட்டன் போன். பேட்டரி உப்பி, மூடி நிற்காமல், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது.

"இதுல இருக்கறதெல்லாம் தாள்ல வேணும்ணா. தொட்டா அணைஞ்சு போகுது. தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருப்பாரு, எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள கண்ணு ரெண்டும் போயிடுது."

"எல்லாமேவாம்மா?"

"ஒண்ணு விடாம. துணி எடு, தண்ணி புடின்னு இருந்தாலும் வேணும். என் பழைய போன் தொட்டியில விழுந்து போச்சு. இது ஒண்ணுதான் இருக்கு."

கொஞ்ச நேரம் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "அன்னைக்குக் காலைல சண்டைண்ணா. ஒண்ணுமில்லாத சண்டை. நீங்க இல்லாட்டி நான் நிம்மதியா இருப்பேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். பதிலே பேசாம சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டுப் போனாரு. கோவத்தோடவே போயிட்டாரா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும். வேற எதுவும் வேணாம்."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நான் அதை மறக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே எனக்கு அது நன்றாகத் தெரியும்.

பேட்டரி நிற்கிற வரைக்கும் போனைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்து, தமிழ் எழுத்தில் அடித்தேன். பெரிய காதல் கடிதம் எதுவும் இல்லை, மேடம். 'மழை வருது துணி எடு.' 'சாப்டியா.' 'நீல நூல் கெடச்சுது.' 'அம்மாவுக்குக் கால் வலி தைலம் தேச்சு விடு.' அவளிடமிருந்து, 'சாப்டேன்.' 'நீங்க?' 'ம்.' இவ்வளவுதான். சாப்டியா, சாப்டேன், நீங்க, ம். எத்தனை வருஷமாக ஒருவரை ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதுவரைக்கும் என் போனில் சிம் கம்பெனிக்காரனைத் தவிர யாரும் எனக்கு எழுதியதில்லை. நான் சாப்பிட்டேனா என்பது அவனுக்குத் தேவையில்லாத விஷயம். வயிறு எரிந்தது. அதை மறைக்க ஒன்றும் இல்லை, பக்கத்தில் யார் சாப்பிட்டாலும் பசித்தவனுக்கு எரியத்தான் செய்யும்.

அவள் புருஷன் அனுப்பிய ஒவ்வொரு மெசேஜின் கடைசியிலும் ஒரு எண் இருந்தது. 3, 7, 11, சிலதில் 0. போன் தானாகப் போடுகிற குப்பை என்று நினைத்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். எனக்குப் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் கை தானாக வெட்டப் போகும்.

சரிபார்க்கக் கொடுத்தபோது அவள் முதல் பக்கத்திலேயே நிமிர்ந்துவிட்டாள். "நம்பரெல்லாம் எங்கண்ணா?"

"அது வேஸ்ட்டும்மா. எடுத்துட்டேன்."

"ஐயோ, அதாண்ணா வேணும். அது மாடி நம்பர். கல்யாணமான புதுசுல கேட்டேன், எந்தக் கட்டடத்துல எங்க தொங்கிக்கிட்டு இருக்கீங்கன்னே தெரியல, பயமா இருக்குன்னு. அன்னையிலேர்ந்து எந்த மாடியில இருக்காரோ அந்த நம்பரைக் கடைசியில போடுவாரு. வீட்ல இருந்தா ஜீரோ. பக்கத்து ரூம்ல படுத்துக்கிட்டு 'தண்ணி கொண்டா 0'ன்னு அனுப்புவாரு, சோம்பேறி." சிரித்துவிட்டாள். அவன் போன பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நம்பரை எல்லாம் திரும்பப் போட்டேன். அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். தெருவில் நடக்கும்போது அவள் உயரமான கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவாள். எதிரில் வருகிறவர்கள்மேல் இடித்துக்கொள்வாள். கீழே, நேர் எதிரே, கண் மட்டத்தில் ஒரு மனுஷன் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பார்க்க அவள் கழுத்தைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவள் மேலேதான் பார்ப்பாள்.

பட்டன் போனில் டிராஃப்ட் என்று தனியாக ஓர் இடம் உண்டு. எழுதிவிட்டு அனுப்பாமல் விட்டதும், பாதியில் நின்றுபோனதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அவளுக்கு அது தெரியாது. பாதிப் பேருக்குத் தெரியாது. கடைசியாக அதைத் திறந்து பார்த்தேன். ஒன்றே ஒன்று இருந்தது. அவனுடைய கடைசி நாளில் எழுதியது. அதில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் என்பதை மட்டும் இப்போது சொல்லி வைக்கிறேன்.

அதை நான் அடிக்கவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நாளைக்குக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். கொடுத்துவிட்டால் புத்தகத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு போய்விடுவாள். பிறகு என் கடைக்கு வர அவளுக்கு என்ன இருக்கிறது?

புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, "அவ்வளவுதானாண்ணா?" என்று கேட்டாள்.

"உள்ள இன்னும் இருக்கும் போலம்மா. அனுப்பாம எழுதி வெச்சதெல்லாம் ஒரு இடத்துல கெடக்குது. பேட்டரி நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும்."

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து கடையைச் சாத்திவிட்டு என் கடைக்கு வருவாள். ஸ்டூலில் உட்கார்வாள். நான் டீ போட்டுக் கொடுப்பேன். மாமியாரின் கால் வலியைப் பற்றிப் பேசுவாள், தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களைப் பற்றிப் பேசுவாள். அந்த மாமியாருக்கும் அவளுக்கும் அப்படி ஓர் ஒட்டுதல். மூத்த மகன் கூப்பிட்டும் போகாமல், இருந்தால் மருமகளோடுதான் இருப்பேன் என்று கிழவி உட்கார்ந்துவிட்டது. என் வாழ்க்கையில் நிம்மதியான நாட்கள் எவை என்று கேட்டால் அந்தச் சாயங்காலங்களைத்தான் சொல்வேன். ஆனால் எத்தனை நாளைக்கு வெறும் டீயைக் கொடுத்து உட்காரவைக்க முடியும்?

இந்த இடத்தில் தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். தாளை மடித்து நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில் பக்கங்கள் நாலு நாலாகத்தான் வரும். அவள் புத்தகத்தில் கடைசிப் பக்கம் ஒன்று காலியாக நின்றது. காலிப் பக்கத்தைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. மற்றவர்கள் என்றால் கடை விலாசத்தைப் போட்டு நிரப்பிவிடுவேன். இதில் அதைப் போட மனசு வரவில்லை. அதனால் ஒரு மெசேஜ் எழுதினேன்.

'நீ மெஷின்ல குனிஞ்சு உக்காந்திருக்கும்போது கழுத்துல நூல் ஒட்டிக்கிட்டு இருக்கும். எடுத்துவிடணும்னு நிறைய நாள் நெனச்சிருக்கேன். கேட்டா நீ சிரிப்பியேன்னு விட்டுட்டேன். 7'

டிராஃப்டில் கிடைத்தது என்று கொடுத்தேன். அவள் படித்தாள். கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. ரொம்ப நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

"அவர் இப்படியெல்லாம் பேசவே மாட்டாருண்ணா," என்றாள். "நூலப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. மனசுக்குள்ள இவ்வளவு வெச்சிருந்திருக்காரு பாருங்க, கள்ளன்." தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நூலைப் பார்த்தது என் கண். எழுதியது என் கை. பேர் வாங்கிக்கொண்டு போனவன் அவன். உயிரோடு இருந்தபோது சாப்டியா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை எழுதத் தெரியாதவன், செத்த பிறகு என் புண்ணியத்தில் கவிஞன் ஆகிவிட்டான். இன்னும் சிலவும் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவன் வளர்ந்துகொண்டே போனான். அவள் அண்ணாந்து பார்க்கிற உயரமும் கூடிக்கொண்டே போனது. அவனை ஏற்றிவிட்ட ஏணி நான்தான், மேடம்.

கடைசியில் ஒரு சாயங்காலம் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள். "சாகற வரைக்கும் எனக்கு இது போதும்ணா. நான்கூட வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்டேன், இவ்வளவு ஆசை வெச்ச மனுஷன் கோவத்தோடயா போயிருப்பாரு?" பிறகு என்னைப் பார்த்துக் கேலியாகச் சிரித்தாள். "உங்களுக்கு ஒரு பொண்ணு பாக்கட்டுமாண்ணா? எத்தனை நாளைக்குத் தனியாவே டீ போட்டுக்கிட்டு இருப்பீங்க? எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா அவரே முன்னாடி நின்னு முடிச்சு வெச்சிருப்பாரு."

நான் கோபப்படவில்லை. பாரும்மா என்றுதான் சொன்னேன். நீங்களே அவளைக் கேட்டுப் பாருங்கள், குரலைக்கூட உயர்த்தவில்லை என்பாள்.

மறுநாள் கடை திறந்ததும் அவனுடைய கடைசி மெசேஜை எழுதினேன். எழுதக் கஷ்டமாகவே இல்லை. எல்லாம் அவள் என்னிடம் சொன்னதுதான். காலைச் சண்டை அவள் சொன்னது. பையில் இருந்த மாத்திரை அவள் சொன்னது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான்.

'நான் இல்லாட்டி நிம்மதியா இருப்பேன்னு சொன்ன. நெஞ்சு வலிக்குது. மாத்திரை பையிலதான் இருக்கு. போடல. நீ நிம்மதியா இரு. 7'

அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டு, பின்வாசலுக்கு வெளியே ஒரு தகரத் தட்டில் மணலைக் கொட்டினேன். அதன்மேல் அவன் போனை வைத்துச் சார்ஜில் போட்டேன். போடக் கூடாது என்று எனக்குத் தெரியும், ஆரம்பத்திலேயே சொன்னேன் அல்லவா. முதலில் மூடி தெறித்தது. பிறகு புகை. பிறகு சின்னதாக ஒரு நெருப்பு. அதற்குள் சாப்டியாவும் சாப்டேனும் எல்லாம் போய்விட்டன. டிராஃப்டில் இருந்த அந்த ஒன்றும் போய்விட்டது. ஒயரைப் பிடுங்கும்போது என் விரல் கொஞ்சம் சுட்டுக்கொண்டது.

சாயங்காலம் வந்தவள் தாளைப் பார்க்கவில்லை, என் விரலில் சுற்றியிருந்த துணியைத்தான் பார்த்தாள். "என்னண்ணா ஆச்சு? வலிக்குதா?" என்றாள். கடைசியாக ஒன்று எடுக்கும்போது பேட்டரி வெடித்துவிட்டது என்றேன். "போன் போனாப் போகுது, உங்க கைக்கு ஒண்ணும் ஆகலியே" என்று வீட்டுக்கு ஓடிப் போய் மருந்து கொண்டுவந்து தடவிவிட்டாள். அவள் விரல் என் கையில் பட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகுதான் தாளை எடுத்துப் படித்தாள்.

அழவில்லை. தாளை நாலாக மடித்தாள். "இதுதான் கடைசியாண்ணா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மருந்து டப்பாவை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவள் என்னிடம் வருவாள் என்று காத்திருந்தேன். மேலே பார்க்க இனி ஒன்றும் இல்லை, எதிரே பார்ப்பாள் என்று நினைத்தேன். தையல் கடை திறக்கவே இல்லை. விசாரித்தால், அந்தத் தாளை மாமியாருக்கு அவளே படித்துக் காட்டியிருக்கிறாள். மறைத்திருக்கலாம், யார் கேட்டார்கள்? கிழவி அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டது. என் பிள்ளையை விழுங்கினவள் கையால் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனதாம். நான் சாப்பாடு வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். "சாப்டியாம்மா?" என்று கேட்டேன். அவளிடம் நான் அந்த வார்த்தையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பாதிக் கதவைத் திறந்து, "எனக்கு எதுவும் வேணாம்ணா, நீங்க போங்க" என்றாள்.

அதற்கு மறுநாள்தான் அவள் உங்களிடம் வந்து, என் புருஷனைக் கொன்றது நான்தான், என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். சாட்சிக்குப் புத்தகத்தையும் அந்தத் தாளையும் உங்கள் மேசையில் வைத்திருக்கிறாள். மாரடைப்புக்கெல்லாம் கேஸ் போட முடியாதும்மா என்று நீங்கள் திருப்பி அனுப்பியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நீங்கள் படித்துப் பார்த்தீர்கள். அவன்கூட வேலை செய்தவனைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். பிறகு எனக்கு ஆள் அனுப்பினீர்கள்.

"அந்தக் கட்டடத்துல மொத்தமே நாலு மாடிதான்யா," என்றீர்கள். "ஏழு எங்கேயிருந்து வந்துச்சு?"

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர் நீங்கள். ஏழு அவன் புத்தகத்தில் அதிகம் வருகிற எண். ஏதோ ஒரு பெரிய கட்டடத்தின் ஏழாவது மாடியிலேயே அவனுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. அடித்து அடித்து என் விரலுக்கு ஏழு பழகிவிட்டது. அவன் செத்த கட்டடம் எது, அதில் எத்தனை மாடி என்று நான் ஒருநாளும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவன் எந்த மாடியில் இருந்தான் என்பதில் அக்கறை உள்ளவள் அவள் ஒருத்திதான். அவளுக்கோ, தாளைக் கையில் வாங்கிய அந்த நேரத்தில் எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

"செத்தவன்மேல என்னய்யா பொறாமை?" என்று கேட்டீர்கள். பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவன் என்றால் ஒருநாள் அவனோடு சண்டை வரும், சலிப்பு வரும், அவளே எட்டிப் பார்ப்பாள். செத்தவனுக்கு அந்தக் கவலை கிடையாது. அவன் ஒரு தப்பும் செய்ய மாட்டான். அவனைத் தப்புச் செய்யவைக்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

உண்மையில் டிராஃப்டில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்டதும் தனித் தாளில் அடித்துக் கொடுத்தேன். இங்கேயும் எழுதுகிறேன்.

'காலைல பேசினது ஒண்ணும் மனசுல இல்ல. நீயும் வெச்சுக்காத. சட்டையில ஒரு பட்டன் பிஞ்சிருக்கு. சாயங்காலம் வந்து'

அதோடு நின்றுவிட்டது. மாடி நம்பர் இல்லை. அதுவரைக்கும் போக அவனுக்கு நேரம் இருக்கவில்லை.

நீங்கள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் இருந்த அவளிடம் போனீர்கள். கதவு திறந்துதான் இருந்தது, எனக்கு எல்லாம் கேட்டது. நீங்கள் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். கோபமாக எழுதியது அவன் இல்லை, பைண்டர் என்றீர்கள். அவள் மெதுவாக, "கழுத்து நூலுமா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றீர்கள். அதற்கப்புறம் நீங்கள் தாளைக் கொடுத்திருக்க வேண்டும்.

"வேணாம் மேடம்," என்றாள். "இதுவும் அந்த அண்ணா அடிச்சதுதானே."

"இது நிஜம்மா. அவனே ஒத்துக்கிட்டான்."

"நம்பர் இல்லியே மேடம். எங்க வீட்டுக்காரர் நம்பர் போடாம எதையும் அனுப்ப மாட்டாரு. அவர் கோவத்தோடதான் போனாரோ என்னவோ. இனிமே யாரைக் கேக்க முடியும்?"

தாளை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உள்ளே வந்து என் முன்னால் உட்கார்ந்தீர்கள். என்னை அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அந்தப் பொம்பளை நம்பறதுக்காவது கடைசியில ஒரு நாலு போட்டுத் தொலைச்சிருக்கலாமேய்யா" என்றீர்கள். போட்டிருக்கலாம். அடிக்கும்போதே எனக்கும் தோன்றியது. நம்பர் இல்லாவிட்டால் அவள் நம்ப மாட்டாள் என்பதும் தெரியும். விரல் நாலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஆனால் அவன் போடாததை நான் எப்படிப் போடுவது? அது பொய்யாகிவிடும். கடைசியாக ஒருதடவையாவது நேர்மையாக இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். போனை எரித்தது நான். அவன் பேரில் எழுதியதெல்லாம் நான். அவன் கோபமாகப் போகவில்லை என்று தெரிந்தும் மறைத்தது நான். யாரும் என்னை மிரட்டவில்லை, சுயநினைவோடு எழுதுகிறேன்.

எண்ணிப் பார்த்தால் இந்த வாக்குமூலத்திலும் கடைசியில் ஒரு பக்கம் காலியாக நிற்கிறது. அப்படியே விட எனக்கு மனசில்லை. அவள் எனக்கும் ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். கழுத்து நூல் தாளைக் கொடுத்த அன்றைக்கு, வீட்டுக்குப் போனதும் அனுப்பியது. அதை இங்கே போட்டு நிரப்புகிறேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் என்ன இருந்தது என்பது படிக்கிற யாருக்கும் புரியும்.

'நீங்க மட்டும் இல்லாட்டி நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியல'

இதற்குப் பிறகு இன்னும் ஒரு வார்த்தை இருந்தது. எப்போதும் என்னைக் கூப்பிடுகிற வார்த்தைதான். ஓரத்தில் இடித்தது, வெட்டிவிட்டேன். அர்த்தம் ஒன்றும் மாறிவிடவில்லை.